சத்து மாத்திரை: ஒரு பி.காம் மாணவியின் வரவு செலவுக் கணக்கு

"தினமும் ஒரு மல்டிவைட்டமின் போட்டுக்கலாமா, வேண்டாமா?"

எங்கள் ஹாஸ்டலில் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டே இரண்டு பதில்தான் வரும். ஒரு கோஷ்டி, "போடு, சத்துதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி, "எல்லாம் கெமிக்கல். நம்ம பாட்டி எந்த மாத்திரை போட்டாங்க? கம்பும் கேழ்வரகும் சாப்பிடு" என்று சொல்லும். முதல் கோஷ்டிக்கு விளம்பரங்கள் சப்போர்ட். இரண்டாவது கோஷ்டிக்கு வாட்ஸ்அப் சித்தப்பாக்கள் சப்போர்ட்.

நான் இரண்டு கட்சியிலும் சேராதவள். இரண்டு பேருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. இதன் விளைவாக, மாத்திரை தேவையில்லாதவர்கள் காசு கொடுத்து விழுங்குகிறார்கள். தேவையானவர்களோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

"டெபிட், கிரெடிட் படிக்கிறவளுக்கு வைட்டமின் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து வரும் பணத்தில் இந்த டப்பாக்களை வாங்குவது நம்மைப் போன்றவர்கள்தான். வாங்குகிறவள் கணக்குப் பார்க்கக் கூடாதா என்ன?

தீப்பிடிக்காத கடைக்கு இழப்பீடு கிடையாது

மல்டிவைட்டமின் போடுகிற யாரைக் கேட்டாலும், "இது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி" என்பார்கள். ரொம்ப நல்லது. எங்களுக்கு இன்ஷூரன்ஸ் ஒரு தனிப் பாடம். அதில் ஆரம்பத்திலேயே இழப்பீட்டுக் கொள்கை என்று ஒன்று வரும். கடையில் தீப்பிடித்து 2 லட்ச ரூபாய் சரக்கு எரிந்தால் கம்பெனி 2 லட்சம் தரும். நீங்கள் 10 லட்சத்துக்கு பாலிசி எடுத்திருந்தாலும் கிடைப்பது 2 லட்சம்தான். தீயே பிடிக்கவில்லை என்றால் ஒரு பைசா கிடையாது. இழந்ததை ஈடுகட்டுவதுதான் இன்ஷூரன்ஸ். அதை வைத்து லாபம் பார்க்க முடியாது.

வைட்டமினும் தாதுச்சத்தும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கின்றன. பெரும்பாலான வைட்டமின்கள் உடம்பில் நொதிகளுக்குத் துணையாளாக இருக்கின்றன. திருப்பூரில் ஒரு சின்ன தையல் யூனிட் இருக்கிறது என்று வையுங்கள். பத்து மெஷின். கையில் ஏழு ஊசிதான் இருக்கிறது என்றால் மூன்று மெஷின் சும்மா நிற்கும். மூன்று ஊசி வாங்கிப் போட்டால் உற்பத்தி சட்டென்று ஏறும். ஆனால் பத்து மெஷினிலும் ஊசி இருக்கும்போது இன்னும் ஐநூறு ஊசி வாங்கிக் கொட்டினால் ஒரு சட்டைகூட அதிகமாக வராது. தரையில் சிந்தி யார் காலிலாவது குத்தும்.

இதுதான் என் முழு வாதமும். மாத்திரை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை ஊசி குறைகிறது என்று எண்ண வேண்டும்.

குன்னூரில் ஒரே ஒரு அறை

இந்த "குறை" என்கிற விஷயமே மனிதர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. 1890-களில் ஜாவாவில் இருந்த எய்க்மான் என்ற டச்சு டாக்டர், கோழிகளை வைத்து ஒன்றைக் கவனித்தார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. தவிடு போகாத அரிசி தின்ற கோழிகள் நன்றாக ஓடின. மனிதர்களுக்கு வந்த பெரிபெரி நோயும் இதே சங்கதிதான். தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் இன்று நாம் சொல்லும் வைட்டமின் பி1. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன். அந்தப் பிரிவு வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று அட்டவணை போடுவதும் அதுவே.

பச்சரிசியை மெஷினில் தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடற்கரைப் பக்கம் அந்தக் காலத்தில் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்ட நம் பக்கம் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தீட்டிய பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறது. பாட்டிக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது, ஆனால் பானையில் அது இருந்தது. இந்த அளவுக்கு "பாட்டி கோஷ்டி" சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். முழுக்கச் சரியா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதிகம் போட்டால் என்ன ஆகும்? போட்டுப் பார்த்திருக்கிறார்கள்

"அதிகமானால் சிறுநீரில் போய்விடும், நஷ்டமில்லை" என்பது முதல் கோஷ்டியின் பிரம்மாஸ்திரம். பி வகைகளுக்கும் சி-க்கும் இது ஓரளவு பொருந்தும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவை அவ்வளவு சுலபமாக வெளியே போவதில்லை.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, காய்கறியில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, ஆகவே பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தால் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைப்பிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேருக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996-ல் பாதியிலேயே சோதனையை நிறுத்திவிட்டார்கள். பிறகு 35,533 ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனையில், வைட்டமின் ஈ போட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரியவந்தது.

இவை ஒற்றைச் சத்தை அதிக அளவில் கொடுத்த சோதனைகள். மல்டிவைட்டமின் அந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை. அதன் பிரச்சனை வேறு, பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அமெரிக்காவில் 3,90,124 ஆரோக்கியமான பெரியவர்களை இருபது வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2024-ல் வெளியானது. தினமும் மல்டிவைட்டமின் போட்டவர்கள் போடாதவர்களைவிட அதிக நாள் வாழவில்லை.

எதிர்த் தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? 50 வயதுக்கு மேற்பட்ட 14,641 ஆண் டாக்டர்களிடம் நடந்த சோதனையில் (முடிவு வந்தது 2012-ல்) மல்டிவைட்டமின் போட்டவர்களுக்குப் புற்றுநோய் 8 சதவீதம் குறைவாக வந்தது. மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. வயதானவர்களின் ஞாபக சக்திக்குச் சின்ன உதவி கிடைப்பதாகவும் சமீபத்திய சோதனைகள் சில சொல்கின்றன. ஆக, தாத்தா போடுவதற்கு ஏதோ ஒரு வாதம் இருக்கிறது. இருபது வயதில், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, செமஸ்டருக்கு "எனர்ஜி" வேண்டும் என்று போடுவதற்கு எனக்கு எந்த வாதமும் கிடைக்கவில்லை.

2020-ல் கொரோனா வந்தபோது மெடிக்கல் கடைகளில் வைட்டமின் சி-யும் ஜிங்க்கும் தீர்ந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? 2021-ல் வெளியான ஒரு சோதனையில், வீட்டில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு இரண்டையும் அதிக அளவில் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். சும்மா இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் சரியாகவில்லை என்று தெரிந்து, சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

முடிக்கு ஒரு கம்மி, ரிப்போர்ட்டுக்கு ஒரு குழப்பம்

எங்கள் ஹாஸ்டலில் இப்போதைய ஃபேஷன் பயோட்டின். கலர் கலராக மிட்டாய் மாதிரி இருக்கும் கம்மி. முடி கொட்டுவதற்கு. (எங்கள் ஊர் உப்புத் தண்ணியில் குளித்தால் முடி கொட்டாமல் என்ன செய்யும் என்று எல்லாரும் புலம்புவார்கள். அது வேறு கதை.)

ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குப் போதுமான பயோட்டின் என்று அமெரிக்காவில் சொல்லும் அளவு 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் முடி மாத்திரைகள் சிலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. முந்நூறு மடங்குக்கு மேல்! முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றிலும் இருப்பதால் பயோட்டின் குறைபாடு என்பதே அரிது. குறை இல்லாதவர்களுக்கு இதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரமும் இல்லை.

போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில ரத்தப் பரிசோதனைகளின் செய்முறையிலேயே பயோட்டின் பயன்படுகிறது. ரத்தத்தில் இது அளவுக்கு மீறி இருந்தால் தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வரலாம். மாரடைப்பா என்று பார்க்கும் டிரோபோனின் டெஸ்ட் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. முடி கொட்டினால் டாக்டர்கள் முதலில் எழுதும் டெஸ்ட்களில் ஒன்று தைராய்டு. கம்மி சாப்பிட்டுவிட்டுப் போய் அந்த டெஸ்டையே குழப்பிக்கொண்டால் என்ன செய்வது? ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடமும் லேபிலும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வைட்டமின் டி கதையும் இப்படித்தான். 60,000 யூனிட் என்று ஒரு பாக்கெட், ஒரு கேப்ஸ்யூல் வரும். குறை இருப்பவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் என்று எழுதித் தருவார்கள். அதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி வந்து, கிட்னி வரைக்கும் போகும். அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டி தங்கை வாங்கிப் போடுகிற ஊர் நம்முடையது. அதனால்தான் சொல்கிறேன். அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 75 வயதுக்குக் கீழே உள்ள ஆரோக்கியமான பெரியவர்கள் வழக்கமான தினசரி அளவுக்கு மேல் வைட்டமின் டி எடுக்க வேண்டியதில்லை, சும்மா டெஸ்ட் எடுத்துப் பார்க்கவும் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது.

இப்போது பாட்டி கோஷ்டியின் முறை

இதுவரை படித்துவிட்டு, "பார்த்தியா, நாங்க அப்பவே சொன்னோம், உணவே மருந்து" என்று ஃபார்வர்டு பண்ணக் கிளம்பியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்ம தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். வகுப்பில் நாற்பது பெண்கள் இருந்தால் இருபத்தொரு பேர். பாட்டிகளும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இருக்கிற இதே மாநிலத்தில்தான்.

என் அறைத்தோழி ஒருத்தி. மூன்றாவது மாடி ஏறினால் நடுவில் இரண்டு முறை நிற்பாள். எப்போதும் தூக்கம். கையில் கொஞ்சம் பச்சரிசி வைத்து மென்றுகொண்டே இருப்பாள். "உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்று ஹாஸ்டல் முழுக்கக் கிண்டல். பச்சரிசி, ஐஸ்கட்டி, சாக்பீஸ் இவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. என்.எஸ்.எஸ். ரத்ததான முகாமில் ஆர்வமாக வரிசையில் நின்றவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். அவளுக்கு 8.4.

வீட்டுக்கு ஃபோன் பண்ணினாள். அவள் அம்மாவின் பதில்: "மாத்திரை சூடு, முகத்துல பரு வரும். பீட்ரூட் ஜூஸ் குடி, மாதுளம்பழம் சாப்பிடு."

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. ஆனால் கணக்குப் பாருங்கள். நம் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம் என்கிறது 2020-ல் வந்த இந்திய அட்டவணை. ஆண்களுக்கு 19. நூறு கிராம் பீட்ரூட்டில் இருப்பது 1 மில்லிகிராம்கூட இல்லை. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே கிடையாது. கீரையில் இரும்பு உண்டு, ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை நம் குடல் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலும் பாதி போச்சு. மாதாமாதம் ரத்தம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. செலவு தொடர்ந்து வரவை மிஞ்சினால் என்ன ஆகும் என்று முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். 8.4-க்கு வந்துவிட்ட கணக்கைச் சாப்பாட்டால் மட்டும் சரிக்கட்ட முடியாது. அங்கே மாத்திரைதான் மருந்து.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். குடல்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகக் கிடைத்தன. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே, வயிறு பிரட்டினால் சாப்பிட்ட பிறகு போடு, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதே, எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது என்று அங்கிருந்த நர்ஸ் அக்கா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். மூன்று மாதத்தில் 11.6. இரும்பைச் சேமித்து வைக்கும் கிடங்கும் நிரம்ப வேண்டுமாம், அதற்காக இன்னும் சில மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பச்சரிசி ஆசை போய்விட்டது. கல்யாணத்தன்று மழை வருமா என்று இனி வானிலை ஆய்வு மையத்தைத்தான் கேட்க வேண்டும்.

பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் நீல நிற மாத்திரை தருவார்களே, நினைவிருக்கிறதா? பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கான அரசுத் திட்டம் அது. இரும்பும் ஃபோலிக் அமிலமும். எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நீல மாத்திரைகள் கிடக்கும். "அதைப் போட்டா குழந்தை பிறக்காதாம்" என்று ஒரு புரளி. உண்மை இதற்கு நேர் எதிர். கரு உண்டாகி முதல் நான்கு வாரத்துக்குள் குழந்தையின் தண்டுவடம் மூடிக்கொள்ள வேண்டும். அது நடக்க ஃபோலிக் அமிலம் உதவுகிறது. ஏற்கெனவே இந்தக் குறையோடு ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அடுத்த கர்ப்பத்தை ஒட்டி ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி அப்படி நடப்பது 72 சதவீதம் குறைந்ததாக 1991-ல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்த நான்கு வாரம் பலருக்கு முடிந்துவிடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். டிகிரி முடித்த கையோடு கல்யாணம் ஆகும் தோழிகள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோதும் இதே கூத்துதான். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசியை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து கொடுத்தார்கள். தண்ணீரில் மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிக் கீழே போட்டவர்கள் எத்தனை பேர்! அதே வீட்டில் "இம்யூனிட்டி" என்று எழுதிய டப்பா அலமாரியில் இருக்கும். காசு கொடுத்தால் சத்து, இலவசம் என்றால் சந்தேகம். இந்த மனநிலையை என்ன சொல்வது?

சரி, யாருக்குத்தான் வேண்டும்?

நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

1. என்னிடம் குறை இருக்க என்ன காரணம்? முட்டை, மீன், கறி எதுவும் தொடாமல், பாலும் தயிரும்கூடக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அது செடியில் கிடையாது. சர்க்கரை நோய்க்கு ரொம்ப வருடமாக மெட்ஃபார்மின் போடும் அப்பா அம்மாவுக்கும் பி12 குறையலாம். கை கால் மரத்துப்போவதை "சுகர்னால" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்களுக்கு இரும்பு குறையும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கட்டாயம்.

2. அளந்து பார்த்தேனா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு இல்லை. சோர்வு என்றால் எல்லாம் இரும்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் ரத்தம் சரியாவது மாதிரி தெரியும், உள்ளே நரம்பு பாதிப்பு தொடரும். பையன்களுக்கு இரும்பு குறைந்தால், எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

3. எவ்வளவு, எத்தனை நாள்? டப்பாவைத் திருப்பி, ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். "சத்துதானே" என்று சொல்லும் பி6-கூட அதிக அளவில் பல மாதம் போட்டால் நரம்பைக் கெடுக்கும். இந்தியாவில் விற்கும் ஹெல்த் சப்ளிமெண்ட் டப்பாக்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். முன்பக்கம் பெரிய எழுத்தில் உள்ளதைப் படிக்கிற நாம் அதையும் படிக்க வேண்டும்.

4. இதே காசில் வேறு என்ன வாங்கலாம்? எங்கள் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். மாதம் 600 ரூபாய்க்கு கம்மி வாங்குகிற தோழிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு: ஒரு முட்டை ஏழு ரூபாய் என்றால் அதே பணத்தில் எண்பத்தைந்து முட்டை வரும். நாளுக்கு இரண்டு முட்டை போக, மிச்சத்தில் வேர்க்கடலையும் கொய்யாவும் வாங்கலாம். பாதிக் கொய்யாவிலேயே ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி கிடைத்துவிடும். பயோட்டினும் முட்டையிலேயே இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டு, "முட்டை கலர் கலரா இருக்காதே" என்றாள். அதுவும் ஒரு பாயிண்ட்தான்.

அந்த நான்கில் முதல் இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் மாத்திரை போடுங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை, நடுவில் விடாமல். சூடு, பரு, கெமிக்கல் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாம் தினமும் போடும் அயோடின் உப்பும் ஒரு சப்ளிமெண்ட்தான், அதை ஒருவரும் கெமிக்கல் என்று தூக்கி எறிவதில்லை. "இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை மெஸ்ஸுக்கு வெளியே இருக்கும் பழக்கடை அண்ணனிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பள்ளி முடிந்ததோடு நீல மாத்திரையும் முடிந்துவிடுகிறது. ரத்தசோகை முடிவதில்லை. கல்லூரியில் தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள், 75 சதவீதம் இல்லையென்றால் அபராதம் போடுகிறார்கள். மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை, சேரும்போதாவது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் என்ன? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டால் வருவார்கள். எங்கள் துறைத் தலைவரிடம் இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். இதுவரை பதினெட்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வகுப்புத் தோழிகள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கு மதியம் கடைசி பெஞ்சுக்கு வாருங்கள், பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, டேலி போடத் தெரிந்தவள், அவ்வளவுதான். ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.